சலரோகக் கால் புண்ணுக்கு ஒட்சிசன் அறை: பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

என் வாப்பாவின் வலது பாதத்தில் சிறு கொப்புளமாகத் தொடங்கிய புண், மூன்று மாதமாகியும் ஆறவில்லை. "ஒட்சிசன் அறையில் வைத்தால் காலை வெட்டத் தேவையில்லை" என்று உறவினர் ஒருவர் சொன்னார். காணியை ஈடு வைத்தாவது பணம் திரட்டுவோம் என மச்சானும் நானும் தீர்மானித்தோம். இன்று பலர் அதே கேள்வியோடு வருவதால், அறிந்துகொண்டதை எழுதுகிறேன்.

உயர் அமுக்க ஒட்சிசன் சிகிச்சை புதியதல்ல. ஆழ்கடலிலிருந்து வேகமாக மேலே வரும் சுழியோடிகளுக்கு ஏற்படும் அமுக்க நோய்க்கு இதுவே பிரதான சிகிச்சை. நாம் சுவாசிக்கும் காற்றில் ஒட்சிசன் 21 வீதம்தான். இங்கு நோயாளி மூடிய அறையில், வளிமண்டல அமுக்கத்தின் 2 முதல் 2.5 மடங்கில் தூய ஒட்சிசனைச் சுவாசிக்கிறார். அது குருதியின் திரவப் பகுதியிலும் அதிகம் கரைந்து புண்ணைச் சென்றடைகிறது. ஒரு தடவை சுமார் 90 நிமிடம். வாரத்தில் ஐந்து நாட்களாக, மொத்தம் 30 முதல் 40 தடவைகள்.

பலன் உண்டா? ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. 2010இல் வெளியான சுவீடன் ஆய்வில், ஓராண்டின் பின் இச்சிகிச்சை பெற்றோரில் 52 வீதமானோருக்குப் புண் ஆறியது. அறையில் சாதாரண காற்றைச் சுவாசித்தோரில் 29 வீதம். 120 பேர் பங்கேற்ற 2018 நெதர்லாந்து ஆய்வில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. அமெரிக்காவின் மெடிகெயார் திட்டம் இதற்குப் பணம் செலுத்துவது, ஆழமான புண் 30 நாள் முறையான சிகிச்சையிலும் தேறாவிட்டால் மாத்திரமே.

பக்க விளைவுகளும் உண்டு: காது வலி, தற்காலிகப் பார்வைக் குறைவு, சீனி திடீரெனக் குறைதல், அரிதாக வலிப்பு. நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசிந்திருந்தால் இச்சிகிச்சை கூடாது.

பணம் கட்டுமுன் நாங்கள் ஆலோசனை கேட்ட வைத்தியர் ஒரே கேள்விதான் கேட்டார்: "காலின் இரத்த ஓட்டத்தைப் பார்த்தீங்களா?" மூன்று மாதமாக மருந்து கட்டினோம், யாரும் பார்க்கவில்லை. ஸ்கேனில், முழங்காலுக்குக் கீழே நாடி அடைபட்டிருந்தது தெரிந்தது. பலூன் மூலம் அடைப்பை நீக்கி, அழுகிய தசையை அகற்றினார்கள். பாதத்தில் பாரம் படாமலும் பார்த்துக்கொண்டோம். பெருவிரல் போனது, கால் தப்பியது. ஒட்சிசன் அறை தேவைப்படவேயில்லை.

எனவே முதலில் கேளுங்கள்: இரத்த ஓட்டம் பரிசோதிக்கப்பட்டதா? எலும்பில் தொற்று உண்டா? புண்ணில் பாரம் படாதிருக்க ஏற்பாடு என்ன? சீனி கட்டுப்பாட்டில் உள்ளதா? இவற்றுக்குப் பிறகும் புண் ஆறாவிட்டால், ஒட்சிசன் அறையைப் பற்றி வைத்தியரிடம் பேசலாம். அது இவற்றுக்குத் துணைதான், பதிலீடு அல்ல.

சலரோகம் உள்ளவர்கள் தினமும் பாதத்தைப் பாருங்கள். வுழூ செய்தபின் விரலிடுக்குகளைத் துடைத்து உலர்த்துங்கள். வெயிலில் சுட்ட தரையில் வெறுங்காலுடன் நடக்க வேண்டாம். உணர்விழந்த பாதத்துக்குச் சூடு தெரியாது. வாப்பாவின் கொப்புளமும் அப்படித்தான் வந்தது.