திருமலையிற் பெண்கல்வி

கோணேசப் பெருமான் எழுந்தருளியிருக்கும் நம் திருமலையின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் பெரும்பாலும் துறைமுகத்தையே எழுதுகின்றனர். போர்த்துக்கேயர் வந்ததும், ஆங்கிலேயர் தம் கடற்படைக்கு இதனைத் தளமாக்கியதும், 1942 ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்ததும் பலரும் அறிந்த கதைகள். 1923ஆம் ஆண்டில் இதே நகரில் ஒரு பெண்மணி செய்த காரியம் இவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்கது என்பது எம் கருத்து. அவர் பெயர் தங்கம்மா சண்முகம்பிள்ளை. பெண்பிள்ளைகளுக்கென அவர் தொடக்கிய பாடசாலையே இன்று ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரி என்னும் பெயரோடு விளங்குகின்றது.

அக்காரியத்தின் அருமையை உணர வேண்டின் அக்கால நிலையை அறிதல் வேண்டும். 1881ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இலங்கைப் பெண்களுள் நூற்றுக்கு மூவரே எழுத்தறிந்தவர். 1921இல் அத்தொகை ஏறக்குறைய 21 ஆயிற்று. ஆண்களிலோ 56 பேர். திருமலையில் ஆண்பிள்ளைகளுக்கான இந்துப் பாடசாலை 1897இலேயே தோன்றிவிட்டது. தம்பி ஏடு தூக்கி இருபத்தாறு ஆண்டுகள் சென்ற பின்னரே தமக்கைக்கு அந்தப் பாக்கியம் கிட்டியது.

இத்தனைக்கும் ஔவையைப் பாட்டி என்று கொண்டாடுபவர் நாம். சங்க காலத்துப் பெண்பாற் புலவர்களின் பெயர்களை மேடைதோறும் அடுக்கிச் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய் மகளை அடுக்களைக்கு அனுப்பிய பெரியோர் பலர்.

அவர்களிடமும் காரணங்கள் இல்லாமலில்லை. ஆங்கிலம் படித்த பையனுக்குக் கச்சேரியிலோ கடற்படைத் தளத்திலோ ஓர் எழுதுவினைஞர் உத்தியோகம் கிடைக்கும்; பெண்ணுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டனர். பெண் பெரியபிள்ளையாகிவிட்டால் தெருவில் நடந்து போகலாகாது என்றனர். ஆண் வாத்தியார் முன்னிலையில் எப்படி இருத்துவது என்றனர். மெதடிஸ்த மிஷனும் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிகளும் நகரில் பெண்பள்ளிகள் நடத்தி வந்தனர். ஆயினும் பிள்ளை மதம் மாறிவிடுவாளோ என்ற அச்சம் சைவக் குடும்பங்களைத் தடுத்தது. அந்தப் பள்ளிகளை நாம் குறைகூற வரவில்லை. யாழ்ப்பாணத்து உடுவிலில் அமெரிக்க மிஷனார் 1824இலேயே பெண்களுக்கு விடுதிப் பாடசாலை வைத்தனர். சேர். பொன். இராமநாதன் சைவப் பெண்களுக்கென இராமநாதன் கல்லூரியைத் திறந்தது 1913இல். மிஷனாரைக் குறை சொல்லிக்கொண்டு திண்ணையில் இருந்தவர் பலர். எழுந்து பாடசாலை வைத்தவர் சிலரே. அச்சிலருள் நம் ஊர்ப் பெண்ணொருவர் இருந்தார்.

இராமகிருஷ்ண மிஷன் 1925 முதல் திருமலையிற் கல்விப்பணி ஏற்றது. பெண் பாடசாலையும் அதன் பராமரிப்பில் வந்தது. மிஷனின் பாடசாலைகளைக் கிழக்கில் மேற்பார்வை செய்தவர் காரைதீவில் 1892இற் பிறந்த சுவாமி விபுலாநந்தர். இவ்வழிக்கு ஒரு முன்மாதிரி கல்கத்தாவில் இருந்தது. 1898இல் சகோதரி நிவேதிதை அங்கே பாக்பஜாரில் ஒரு பெண்பள்ளியைத் திறந்தார்; அன்னை சாரதாதேவியார் வந்து ஆசி கூறினார். வீடு வீடாகச் சென்று, பெண்பிள்ளையை அனுப்புங்கள் என்று நிவேதிதை இரந்து நின்றார். பணம் இரப்பதிலும் பிள்ளையை இரப்பது கடினம்.

முதற் பள்ளியை நிறுவுவதன் பயன் அங்கு படித்த பிள்ளைகளோடு முடிவதில்லை. ஆண் வாத்தியார் என்ற தடை நீங்க வேண்டுமானால் ஆசிரியைகள் வேண்டும். ஆசிரியைகள் வேண்டுமானால் முன்னரே சில பெண்கள் படித்திருக்க வேண்டும். அந்த முதற் சிலரைப் படிக்க வைப்பதே மிகப் பெரிய பாடு. அதன்பின் தாய் படித்த பள்ளிக்கு மகளை அனுப்ப யாரும் வந்து இரக்க வேண்டியதில்லை.

மருத்துவத்திலும் இதே கதைதான். 1930களில் இலங்கையில் ஓரிலட்சம் பிரசவங்களுக்கு ஈராயிரம் அளவிலான தாய்மார் உயிரிழந்தனர். இன்று அத்தொகை சில பத்துகளாகக் குறைந்துவிட்டது. மலேரியாவை அடக்கியமையும் புதிய மருந்துகளும் இலவச வைத்தியசாலைகளும் இதற்குக் காரணங்கள் என்பது மெய்யே. ஆயினும் கிராமந்தோறும் சென்ற மருத்துவிச்சிமார் யார்? எழுதப் படிக்கத் தெரிந்து, பயிற்சி பெற்று, பதிவேடு வைக்கக்கூடிய பெண்கள். பெண்ணுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்ட குடும்பங்களின் மருமகள்மாரும் அவர்கள் கையினாலேயே பிழைத்தனர்.

சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி வந்தது. ஒரு பிள்ளைக்கு மட்டுமே பணம் கட்ட இயலும் என்ற வீட்டில் அந்த ஒரு பிள்ளை எப்போதும் மகனாகவே இருந்தான். சம்பளம் ஒழிந்ததும் மகளுக்கும் வழி பிறந்தது. 1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் எழுத்தறிந்த பெண்கள் நூற்றுக்கு 44 ஆயினர். 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் உதவி பெறும் பாடசாலைகள் பலவும் அரசாங்கத்தின் கைக்கு மாறின.

இவையெல்லாம் முடிந்துபோன பழங்கதை என்று இளைஞர் எண்ண வேண்டாம். ஆப்கானிஸ்தானத்தில் 2021ஆம் ஆண்டிலிருந்து பெண்பிள்ளைகளுக்கு இடைநிலைப் பள்ளிகள் அடைக்கப்பட்டுள்ளன. 2022 டிசம்பரில் சர்வகலாசாலைக் கதவும் மூடப்பட்டது. உலகம் முழுவதிலும் பள்ளிக்கு வெளியே இருக்கும் பெண்பிள்ளைகள் 12 கோடி அளவினர் என்கிறது யுனெஸ்கோ. நம் பாட்டன்மார் சொன்ன அதே சமாதானங்கள்தாம் அங்கும் வேறு பாஷைகளில் சொல்லப்படுகின்றன.

நம் மாவட்டத்திலே பெண்ணைப் படிக்க வைக்கலாமா என்று இன்று யாரும் கேட்பதில்லை. எங்கே தங்கிப் படிப்பது என்பதே கேள்வி. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை அக்கரையிலிருந்து தரைவழியே நகருக்கு வருவோர் பாதைக்காகத் துறையிற் காத்து நின்றனர். பாலம் வந்தது, பஸ் வந்தது. எனினும் வெருகலிலிருந்தோ ஈச்சிலம்பற்றிலிருந்தோ நகருக்கு வருவது இன்றும் நெடும் பிரயாணந்தான். உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் எல்லாப் பாடசாலைகளிலும் இல்லை. அதனைக் கற்க விரும்பும் மகளை நகரில் அறிமுகமில்லாத வீட்டில் விடுவதற்குத் தாய் தயங்குகிறாள். பிள்ளை ஊரிலே கிடைக்கும் பாடத்தை எடுத்துக்கொள்கிறாள். கட்டிலும் விளக்கும் பொறுப்பான ஓர் அம்மாவும் உள்ள சிறு விடுதி ஒன்றே அவளுக்கு வேண்டியது. மன்றத்தின் அடுத்த பொதுக்கூட்டத்தில் பெரியோர் இதனை எடுத்துப் பேசுவாராக. அன்றைக்கு அக்கிராமங்களின் தாய்மாரையும் அழைத்துக் கேட்பாராக.