பள்ளி வாயிலில் தேர்வு: குழந்தைகளுக்கான நுண்ணறிவுத் தேர்வின் மொழிபெயர்ப்பு வரலாறு

முன்னுரை

பள்ளியில் புதிதாகச் சேரவரும் குழந்தையை முறையான தேர்வுக்கு உட்படுத்துவது தகுமா என்னும் வினா, கல்வியியலாருக்கும் உளவியலாருக்கும் மட்டுமே உரியதாகக் கருதப்பட்டு வந்துள்ளது. ஆயின் நான்கு அல்லது ஐந்து வயதுக் குழந்தை எழுத்தறியாது. அதற்கு வைக்கப்படும் தேர்வு பெரும்பாலும் பேச்சின் வழியாகவே நடைபெறுகிறது. அத்தேர்வின் மொழி குழந்தையின் வீட்டுமொழியாக இல்லாதபோது அளக்கப்படுவது அறிவா, மொழியா என்பது மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் விடைகாண வேண்டிய வினாவாகும். பினே அளவுகோல் பிரெஞ்சிலிருந்து பிற மொழிகளுக்குச் சென்ற வரலாற்றைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை இவ்வினாவை ஆராய்கிறது.

1. பாரிசில் தோன்றிய அளவுகோல்

பிரான்சில் 1882ஆம் ஆண்டுச் சட்டம் தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கியது. அதுவரை பள்ளியை அறியாத குடும்பங்களின் குழந்தைகளும் வகுப்பறைக்கு வந்தனர். பாடத்தில் பின்தங்கியோருக்குத் தனிக் கவனம் தருவது எவ்வாறு என ஆராய 1904இல் கல்வி அமைச்சகம் ஒரு குழுவை அமைத்தது. அக்குழுவில் இடம்பெற்ற ஆல்ஃபிரெட் பினே, தியோடோர் சிமோனுடன் இணைந்து 1905இல் 30 வினாக்கள் கொண்ட அளவுகோலை வெளியிட்டார். 1908ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பில் வினாக்கள் 3 முதல் 13 வயது வரை வயதுவாரியாக வகுக்கப்பெற்றன.

இவ்வளவுகோலின் நோக்கம் ஈண்டுக் கருதத்தக்கது. ஆசிரியர் ஒருவரின் விருப்பு வெறுப்பால் ஒரு குழந்தை மந்தமுடையது என்று முத்திரை குத்தப்படுவதைத் தடுப்பதும், உதவி வேண்டுவோரை இனங்காண்பதுமே அதன் நோக்கங்களாகும். நுண்ணறிவு மாறாத ஓர் அளவு என்னும் கருத்தைப் பினே 1909இல் எழுதிய நூலில் வன்மையாக மறுத்தார். பள்ளிக் கதவை அடைப்பதற்காக அவர் அக்கருவியைச் செய்யவில்லை.

எனினும் கருவியின் குறை விரைவிலேயே வெளிப்பட்டது. பெல்ஜியத்தில் டெக்ரோலி, டெகாண்ட் ஆகியோர் வசதிமிக்க குடும்பக் குழந்தைகளிடம் இத்தேர்வை நடத்தி 1910இல் முடிவுகளை வெளியிட்டனர். அக்குழந்தைகள் பாரிசின் எளிய குடும்பக் குழந்தைகளைவிட மிகவும் முன்னின்றனர். பினேயும் 1911இல் இவ்வேறுபாட்டை ஆராய்ந்தார். மொழி சார்ந்த வினாக்களில் அது மிகுதி என்பது புலனாயிற்று. ஒரே மொழிக்குள்ளேயே வீட்டுப்பேச்சின் வளம் மதிப்பெண்ணை மாற்றியது என்றால், மொழி மாறும்போது நிகழ்வதை ஊகித்தறியலாம்.

2. மொழிபெயர்ப்பில் நேர்ந்தவை

அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்து வைன்லாந்தில் பணியாற்றிய ஹென்றி காடார்டு இவ்வளவுகோலை ஆங்கிலத்திற்குக் கொண்டுசென்றார். 1916இல் லூயிஸ் டெர்மன் அதனை விரித்து ஸ்டான்ஃபோர்டு–பினே தேர்வாக்கினார். இம்மாற்றத்தில் இரண்டு செயல்கள் ஒருங்கே நிகழ்ந்தன. வினாக்கள் மொழிபெயர்க்கப்பட்டன, உதவிக்கான கருவி தரம்பிரிக்கும் கருவியாயிற்று.

மொழிபெயர்ப்பின் இடர்ப்பாட்டுக்கு எளிய சான்று ஒன்றுண்டு. ஈக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் உள்ள வேறுபாட்டைக் குழந்தை கூறவேண்டும் என்பது பினேயின் வினாக்களுள் ஒன்று. பிரெஞ்சில் அவ்விரு பெயர்களும் தொடர்பற்றவை. ஆங்கிலத்தில் 'ஃப்ளை' என்னும் சொல் 'பட்டர்ஃப்ளை' என்பதற்குள்ளேயே நிற்கிறது. தமிழில் இரண்டாவது பெயர் மட்டும் 'பூச்சி' என்னும் இனப்பெயரை ஏந்தியுள்ளது. வினா ஒன்றே; அது குழந்தைக்குத் தரும் குறிப்பு மொழிதோறும் வேறாகிறது.

இன்னும் நுட்பமானது கேட்ட தொடரைத் திருப்பிச் சொல்லும் பயிற்சி. 1908ஆம் ஆண்டுப் பதிப்பின்படி 3 வயதுக் குழந்தை 6 அசைத் தொடரையும், 5 வயதுக் குழந்தை 10 அசைத் தொடரையும், 6 வயதுக் குழந்தை 16 அசைத் தொடரையும் திருப்பிச் சொல்லவேண்டும். இங்கு அசை என்றது யாப்பிலக்கணத்தின் நேரசை, நிரையசைகளை அன்று. ஒலியியலார் கூறும் அசையையே ஆகும். தமிழ் ஒட்டுநிலை மொழி. 'பள்ளிக்கூடத்திலிருந்து வந்துகொண்டிருந்தார்கள்' என்னும் தொடரில் சொற்கள் இரண்டே, அசைகளோ 15. முதற்சொல்லில் 8 (பள்-ளிக்-கூ-டத்-தி-லி-ருந்-து). இரண்டாவதில் 7 (வந்-து-கொண்-டி-ருந்-தார்-கள்). இப்பொருளைப் பிரெஞ்சில் 6 அசைகளில் கூறிவிடலாம். ஆகவே பொருளைக் காக்கும் மொழிபெயர்ப்பாளர் 3 வயதுக்குரிய பயிற்சியை ஏறத்தாழ 6 வயதுக்குரிய நீளத்திற்கு உயர்த்திவிடுகிறார். அசையெண்ணைக் காப்பவரோ பொருளைச் சுருக்க நேரிடும். இரண்டும் மூலத்திற்கு நிகராகா.

எண்களைத் திருப்பிச் சொல்வதிலும் இந்நிலையே. பிரெஞ்சில் 1 முதல் 9 வரையுள்ள எண்ணுப்பெயர்கள் பெரும்பாலும் ஓரசைச் சொற்கள். தமிழில் இரண்டு அசைக்குக் குறைந்த எண்ணுப்பெயர் அவ்வரிசையில் இல்லை. சொல்ல எடுக்கும் நேரம் நினைவெல்லையைப் பாதிக்கும் என்பதை எல்லிஸ், ஹெனெல்லி ஆகியோர் 1980இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினர். வெல்ஷ் எண்ணுப்பெயர்களை ஒலிக்க ஆங்கில எண்ணுப்பெயர்களைவிடக் கூடுதல் நேரம் ஆகிறது. அதனால் இருமொழியாளர் வெல்ஷில் நினைவிற் கொண்ட எண்களின் தொகை ஆங்கிலத்தில் கொண்டதைவிடக் குறைவாயிற்று. குறை நினைவாற்றலில் இல்லை. சொல்லின் நீளத்தில் இருந்தது.

இக்குறையை உணர்ந்தவர்களுள் ஒரு மொழிபெயர்ப்பாளரும் இருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது. 1912இல் நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் குடியேற வந்த இளைஞர் ஒருவரிடம் காடார்டு இத்தேர்வை நடத்தினார். அப்போது உடனிருந்த மொழிபெயர்ப்பாளர், தாம் அந்நாட்டிற்கு வந்த புதிதில் தம்மாலும் அவ்வினாக்களுக்கு விடைகூற இயன்றிராது என்று மறுப்புரைத்தார். அவர் கூற்று ஏற்கப்படவில்லை. அங்குத் தேர்வு செய்யப்பட்ட சிறு குழுவினருள் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கினர் அறிவுக்குறை உடையோர் என்ற முடிவு 1917இல் அச்சேறியது.

3. இந்திய மொழிகளில் தேர்வு

இந்தியாவில் இம்முயற்சி இலாகூர் ஃபோர்மன் கிறித்தவக் கல்லூரியைச் சார்ந்த சி. எச். ரைஸ் அவர்களால் தொடங்கப்பெற்றது. அவர்தம் இந்துஸ்தானி பினே அளவுகோல் 1929இல் நூலாயிற்று. வி. வி. காமத் கன்னடத்திலும் மராத்தியிலும் ஸ்டான்ஃபோர்டு–பினே தேர்வைத் தழுவியமைத்து, இந்தியக் குழந்தைகளின் நுண்ணறிவை அளத்தல் பற்றிய தம் நூலை 1940இல் வெளியிட்டார். இவை சொல்லுக்குச் சொல் பெயர்த்தவை அல்ல. வினாக்களை உள்ளூர்க் குழந்தைகளிடம் ஆய்ந்து வயதுவரம்பைப் புதிதாக வகுத்த தழுவல்களாகும்.

ஆயினும் ஒரு மொழியில் ஒரு தழுவல் போதுமா என்னும் வினா எஞ்சுகிறது. தமிழ் போன்ற இரட்டை வழக்கு மொழியில் எழுத்து வழக்கில் வினவினால், பள்ளிக்கு வராத குழந்தை அதுவரை பேசியறியாத நடையில் விடைகூற வேண்டியதாகும். பேச்சு வழக்கில் வினவினாலோ, எவ்வட்டாரத்துப் பேச்சு என்னும் சிக்கல் எழும். கோண்டியோ சந்தாலியோ வீட்டில் பேசும் குழந்தை மாநில மொழியில் வினவப்படும்போது இடைவெளி மேலும் பெருகுகிறது.

காமத் மேற்கொண்ட உழைப்பு நகர்ப்புறத் தனியார் பள்ளிகள் பலவற்றின் சேர்க்கை நேர்காணல்களில் இடம்பெறவில்லை. அங்கு நிறம், வடிவம், பழம் ஆகியவற்றின் ஆங்கிலப் பெயர்கள் வினவப்பட்டன. மாம்பழத்தைச் சுவைத்தறிந்த குழந்தை அதன் ஆங்கிலப் பெயரை அறியாமையால் தகுதியற்றதாயிற்று. பெற்றோரின் மொழியும் வருவாயுமே அங்கு அளக்கப்பட்டன எனலாம்.

4. சட்டத்தின் தீர்வு

அமெரிக்காவில் 1970ஆம் ஆண்டின் டயானா வழக்கு ஒரு திருப்பமாகும். கலிஃபோர்னியாவில் மெக்சிகோ வழிவந்த 9 குழந்தைகள், ஆங்கிலத்தில் நடத்திய தேர்வின் அடிப்படையில் அறிவுக்குறை உடையோருக்கான வகுப்பில் சேர்க்கப்பட்டிருந்தனர். இருமொழி அறிந்த உளவியலார் மீண்டும் சோதித்தபோது அவர்களுள் பெரும்பாலோர் அவ்வரம்பைக் கடந்தனர். குழந்தையின் முதன்மை மொழியிலும் தேர்வு நடத்தவேண்டும் என்னும் உடன்பாட்டுடன் வழக்கு முடிந்தது. 1975ஆம் ஆண்டுக் கூட்டரசுச் சட்டமும் இக்கொள்கையை ஏற்றது.

இந்தியாவில் யஷ்பால் குழு 1993இல் அளித்த அறிக்கை, மழலையர் வகுப்புச் சேர்க்கைக்கான தேர்வையும் நேர்காணலையும் ஒழிக்கப் பரிந்துரைத்தது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, சேர்க்கையின்போது குழந்தையையோ பெற்றோரையோ வடிகட்டும் முறைக்கு உட்படுத்துவதைத் தடைசெய்தது. மீறினால் முதன்முறை 25,000 ரூபாயும், பின் ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாயும் வரை தண்டம் விதிக்கலாம். இச்சட்டம் 6 முதல் 14 வயது வரையினரைக் குறித்தது. நேர்காணல்களோ அதற்கு முந்தைய மழலையர் வகுப்பின் வாயிலில் நிகழ்ந்தவை. எனவே தடையின் எல்லை பின்னர் நீதிமன்றங்களில் வழக்காடப்பட்டது.

சட்டத்தின் சொல்லாட்சி மொழிபெயர்ப்பாளர் கருத்திற் கொள்ளத்தக்கது. ஒரு குழந்தையை மற்றொன்றினும் மேலாகத் தெரிந்தெடுக்கும், குலுக்கல் அல்லாத முறையையே அது வடிகட்டுதல் என வரையறுக்கிறது. சேர்ந்தபின் குழந்தையின் அறிதலை மதிப்பிடுவதை அது தடுக்கவில்லை. தொடர் மதிப்பீட்டை 29ஆம் பிரிவு வேண்டவும் செய்கிறது. அச்சொல்லைப் பொதுப்படத் 'தேர்வு' எனப் பெயர்த்தால் இவ்வேறுபாடு மறைந்துவிடும்.

5. மறுதரப்பு வாதம்

தொடக்க நிலையை அறியாமல் பள்ளியின் பணியை மதிப்பிட இயலாது என்பாரும் உளர். இங்கிலாந்து இக்கருத்தை மும்முறை செயற்படுத்தியது. 1998இல் தொடக்கநிலை மதிப்பீடு கட்டாயமாயிற்று. சில ஆண்டுகளில் அது கைவிடப்பட்டது. 2015இல் வெவ்வேறு நிறுவனங்களின் தேர்வுகள் புகுத்தப்பட்டன. அவற்றின் முடிவுகளை ஒப்பிட இயலாமையால் 2016இல் அத்திட்டம் நிறுத்தப்பட்டது. 2021இல் ஏறத்தாழ 20 நிமிடத் தேர்வு சட்டப்படியாயிற்று. இது சேர்க்கைக்கான தேர்வு அன்று, சேர்ந்தபின் நடைபெறுவது.

செவிப்புலன் குன்றிய குழந்தையும் பேச்சுத் தாமதமுடைய குழந்தையும் இனங்காணப்படாமல் கடைசி இருக்கையில் எஞ்சிவிடலாகாது என்னும் வாதமும் வலுவுடையதே. பினேயின் முதல் நோக்கமும் அதுவே. ஆயின் அத்தகைய குழந்தையை இனங்காணும் முயற்சி அதன் வீட்டுமொழியில் தொடங்காவிடில், மொழி வேறுபாடு குறைபாடாகப் பதிவு பெறும்.

முடிவுரை

பினே அளவுகோலின் வரலாறு இரண்டு உண்மைகளைத் தெளிவாக்குகிறது. சிறு குழந்தைக்கான தேர்வு மொழியினின்று பிரிக்க இயலாதது. பிறமொழிக்குப் பெயர்க்கப்படும்போது அது வேறொரு தேர்வாகிறது. அடுத்து, குழந்தையை அறிவதற்கான கருவி அதனை விலக்குவதற்கும் எளிதில் பயன்பட்டுவிடுகிறது. ஆதலின் பள்ளி வாயிலில் தேர்வு வேண்டா என்பதும், வாயிலுக்குள் வந்த குழந்தையை அதன் மொழியிலேயே அறியவேண்டும் என்பதும் முரண்பட்டவை அல்ல. முன்னதைச் சட்டத்தால் செய்யலாம். பின்னதற்குக் குழந்தைப் பேச்சின் வட்டார ஆய்வுகளும், வயதுவாரிச் சொல்தொகுதிகளும், பழங்குடி மொழிகளறிந்த ஆசிரியர்களும் தேவை. 1912இல் எல்லிஸ் தீவில் புறக்கணிக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளரின் மறுப்புக்கு அதுவே உரிய விடையாக அமையும்.