அலைபரப்பு எச்சரிக்கையும் அடையாள எண்களும்

செல்பேசி அலைபரப்புச் செய்தி தனித்தனி எண்களுக்கு விடுக்கப்படுவதன்று; ஒரு கோபுரத்தின் எல்லைக்குட்பட்ட கருவிகள் யாவும் ஒருங்கே ஏற்குமாறு திரும்பத் திரும்பப் பரப்பப்படுவதாகும். ஆதலின் அதனை இனங்காண இரண்டு எண்கள் வேண்டப்பட்டன. முதலாவது செய்தி அடையாள எண்: 4352 நிலநடுக்கத்தையும், 4353 ஆழிப்பேரலையையும் குறிக்கும். இரண்டாவது 16 பிட்டு அளவுடைய வரிசை எண். பரவும் எல்லை, செய்திக் குறி, புதுப்பிப்பு எண் என்னும் மூன்றும் அதனுள் அடங்கும். முன்னரே பெற்ற செய்தியைக் கருவி மீண்டும் காட்டாதிருப்பது இவ்வெண்களாலேயாம்.

இம்முறையின் எல்லையை ஹவாய்த் தீவுகளில் நேர்ந்த நிகழ்ச்சி தெளிவுறுத்தும். 2018 சனவரி 13 காலை 8.07 மணிக்கு, ஏவுகணை வருகின்றதென ஒரு பொய்யெச்சரிக்கை பரவிற்று. பயிற்சியின்போது ஓர் அலுவலர் மெய்யெச்சரிக்கையையே விடுத்துவிட்டார். 8.12 மணிக்கு அது விலக்கப்பட்டது. எனினும் அவ்விலக்கு மேலும் பரவுதலைத் தடுத்ததேயன்றி, முன்னரே சென்றடைந்த செய்தியைத் திருத்தவில்லை. மறுப்புச் செய்தி 8.45 மணிக்கே வந்தது. 38 நிமிடம் மக்கள் சாவை எதிர்நோக்கியிருந்தனர். மறுப்புரை முன்கூட்டி ஆயத்தம் செய்யப்படாமையே தாழ்விற்கு ஒரு காரணமாகும்.

எண்கள் செய்தியின் இனத்தை அறிவிக்கும். அதன் மெய்ம்மையை அறிவியா. ஆகவே எச்சரிக்கையை அமைப்போர் அதன் மறுப்பையும் உடனமைத்தல் வேண்டும் என்பது இவ்வரலாற்றால் பெறப்படும்.