அதிகாலை ஃபிளைட்: திருச்சியில் முதல் நாளே ரூம் போடணுமா?

டெல்டா மாவட்டங்களில் இருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய் கிளம்புபவர்களுக்கு திருச்சி விமான நிலையம்தான் பக்கம். அதிகாலை விமானம் என்றால் முதல் நாளே போய்த் தங்கணுமா?

எப்படி முடிவு செய்வது?

வெளிநாட்டு விமானத்துக்கு 3 மணி நேரம் முன்பே போயிடணும். காலை 5 மணி விமானம்னா, 2 மணிக்கு அங்கே இருக்கணும். தஞ்சாவூரில் இருந்து சுமார் 60 கி.மீ.தான். நள்ளிரவு 12.30 மணிக்கு காரில் கிளம்பினாலே போதும், ரூம் தேவையில்லை. ஆனா நாகப்பட்டினத்தில் இருந்து சுமார் 140 கி.மீ. இரவு 10.30 மணிக்கே கிளம்பணும். வழியில் டயர் பஞ்சரானா பயணமே சிக்கல்தான். இவங்க தங்குவது நல்லது.

எங்கே தங்கலாம்?

புதுக்கோட்டை சாலையில் விமான நிலையம் பக்கத்திலேயே தங்கலாம். ஜங்ஷன், கன்டோன்மென்ட் பகுதி லாட்ஜ்களும் சில கி.மீ. தூரத்தில்தான். நள்ளிரவில் ரூமைக் காலி செய்ய ஆள் இருப்பாங்களா, டாக்ஸி கிடைக்குமான்னு முன்பே கேட்டுக்கோங்க.

தேதியில் உஷார்!

டிக்கெட்டில் 15ஆம் தேதி அதிகாலை 1 மணி என்று இருந்தால், 14ஆம் தேதி இரவு 10 மணிக்கே விமான நிலையத்தில் இருக்கணும். ரூமையும் 14ஆம் தேதிக்கே போடுங்க. 15ஆம் தேதிக்குப் போட்டா, நீங்க ரூமுக்குள் நுழையும்போது ஃபிளைட் பறந்திருக்கும்!