வழி கேட்டுப் போகும் செய்திகள்

முன்பின் அறியாத தோட்டத்தில் ஒருவரைத் தேடிப் போகிறோம் என்று வைத்துக் கொள்வோம். அங்குள்ள லயங்கள் அத்தனைக்கும் படம் வரைந்து எடுத்துக் கொண்டா புறப்படுகிறோம்? வாயிலில் நிற்பவரைக் கேட்கிறோம். அவர் கடைக்காரரிடம் அனுப்புகிறார். கடைக்காரர் மூன்றாவது லயத்தைக் காட்டுகிறார். கம்பியில்லாமல் பேசும் கணிப்பொறிகள் இந்த எளிய வழக்கத்திற்கு வந்து சேர ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பிடித்தன.

கோபுரம் இல்லை, நடுவில் தொலைபேசி நிலையமும் இல்லை. ஒவ்வொரு கருவியும் தன் செய்தியை அனுப்புவதோடு, பிறர் செய்தியையும் வாங்கி அடுத்த கருவியிடம் சேர்க்கிறது. கருவிகளோ இடம் மாறிக் கொண்டே இருக்கின்றன. போர்க்களத்தில் கோபுரத்தை நம்ப முடியாது என்பதால், அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பு 1970-களில் இத்தகைய வலையைச் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் சோதித்தது. 1976 ஆகஸ்டு மாதம், கருவி பொருத்திய ஒரு வேனை மதுக்கடை ஒன்றின் பக்கத்தில் நிறுத்தி, வெளியே மேசையில் அமர்ந்து செய்தி அனுப்பினார்கள். அந்த வலையில் ஒவ்வொரு கருவியும் 7.5 விநாடிக்கு ஒரு முறை தன் இருப்பை அறிவித்துக் கொண்டிருந்தது.

இங்கேதான் சிக்கல். வகுப்பில் நிமிடத்திற்கு ஒரு முறை பெயர் கூப்பிட்டால், பாடம் எப்போது நடப்பது?

மடிக்கணினிகள் பெருகிய 1994-இல் சார்லஸ் பெர்க்கின்சும் பிரவீன் பகவத்தும் ஒரு முறையை வெளியிட்டார்கள். எல்லாரும் எல்லா இடத்திற்கும் வழி காட்டும் அட்டவணை வைத்திருந்தார்கள். அதை அடிக்கடி பரிமாறிக் கொண்டார்கள். எது புதிய வழி, எது பழையது என்று தெரிய வரிசை எண் சேர்த்ததே இவர்கள் செய்த பெரிய உதவி. அதனால் செய்தி சுற்றிச் சுற்றி அலைவது நின்றது.

அதே ஆண்டு டிசம்பரில், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஜான்சன் வேறு விதமாக யோசித்தார். பேச ஆளில்லாதபோது வழி எதற்கு? தேவை வந்தால், “இன்னாரை அறிவீர்களா?” என்று அக்கம்பக்கத்தைக் கேட்கட்டும். கேள்வி கைமாறும்போது ஒவ்வொரு கருவியும் தன் பெயரை அதில் எழுதட்டும். உரியவரை அடைந்ததும் அந்தப் பெயர்ப் பட்டியலே வழியாகத் திரும்பி வரும். நடுவில் ஒருவர் நகர்ந்து போனால், வழி அறுந்த செய்தி அனுப்பியவருக்குப் போகும். அவர் மீண்டும் கேட்பார்.

அட்டவணை முறையைத் தந்த பெர்க்கின்சே பிறகு இந்தப் பக்கம் வந்தார் என்பது நமக்குப் பிடித்த செய்தி. எலிசபெத் ராயருடன் 1999-இல் அவர் வெளியிட்ட ஏ.ஓ.டி.வி. முறையில், செய்தி முழுப் பட்டியலையும் சுமக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு கருவியும் “அடுத்து யார்” என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். தம் பழைய வரிசை எண்ணையும் அவர் விட்டுவிடவில்லை.

இதற்கிடையே 1998-இல் ஜான்சன் குழுவினர், 50 கருவிகள் நடமாடுவது போலக் கணிப்பொறிக்குள்ளேயே நான்கு முறைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நடமாட்டம் மிகுந்தபோது அட்டவணை முறை திணறியது. ஜான்சன் முறையும் பெர்க்கின்ஸ் முறையும் தாங்கி நின்றன. ஆனால் கேட்டு வழி காணும் இன்னொரு முறை, பளு ஏறியதும் சரிந்தது. ஆகவே கேட்பது மட்டும் போதாது. எப்படிக் கேட்பது என்பதும் உண்டு. எல்லாரும் ஒரே நேரத்தில் கேள்வியைத் திருப்பிக் கூவினால் வானலையே அடைத்துப் போகும். முதல் செய்தி புறப்படக் காத்திருக்கவும் வேண்டும்.

இணைய நெறிமுறைகளை வகுக்கும் அமைப்பு ஏ.ஓ.டி.வி.யை 2003-இலும், ஜான்சன் முறையை 2007-இலும் வெளியிட்டது. இரண்டின் மேலும் “சோதனை நிலை” என்றே முத்திரை. போர்க்களத்திற்காகத் தொடங்கிய இந்த முயற்சி, பின்னர் சிக்பி என்னும் வலையின் வழியாக வீட்டுக்குள் வந்தது. ஏ.ஓ.டி.வி.யைத் தழுவிய முறையில் அங்கே ஒரு மின்விளக்கு அடுத்த விளக்கிடம் வழி கேட்கிறது.