தூக்கம் தந்த வேர்

போன வாரம் பேரன் கைப்பேசியில் ஒரு செய்தி அனுப்பினான். இஞ்சி, திராட்சை போன்றவற்றின் சாற்றிலிருந்து கண்ணுக்குத் தெரியாத நானோ துகள்களைப் பிரித்து, மனச்சோர்வுக்கும் தூக்கமின்மைக்கும் மருந்தாகுமா என்று பார்க்கிறார்களாம். இன்னும் பெரும்பாலும் எலிகளிடம்தான் சோதனை. "செடியிலிருந்து வருவதால் பக்கவிளைவு இருக்காதுதானே, தாத்தா?" என்று கேட்டிருந்தான்.

எனக்கு அப்பாவின் மாத்திரை நினைவுக்கு வந்தது. அதுவும் செடியிலிருந்து வந்ததுதான்.

அந்தச் செடி சர்ப்பகந்தா. தாவரவியல் பெயர் ரவுல்ஃபியா செர்பென்டினா. ரவுல்ஃப் என்ற ஜெர்மன் மருத்துவரின் நினைவாக வைத்த பெயர். அவர் இந்தியாப் பக்கம் வந்ததே இல்லை என்பது வேடிக்கை! பீகாரில் இந்த வேரைப் 'பாகல் கி தவா', அதாவது பைத்தியத்துக்கு மருந்து என்றே விற்றார்கள். 1931-ல் கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போசும், மனநோய்க்கும் ரத்தக் கொதிப்புக்கும் இது உதவுகிறது என்று கட்டுரை எழுதினார்கள். அதே ஆண்டு டெல்லியில் சலிமுஸ்ஸமான் சித்திக்கி இதிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து, ஹக்கீம் அஜ்மல்கான் நினைவாக 'அஜ்மலின்' என்று பெயரிட்டார். 1949-ல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல், 50 ரத்தக் கொதிப்பு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததை ஆங்கில மருத்துவ இதழில் எழுதிய பிறகுதான் மேல்நாட்டார் திரும்பிப் பார்த்தார்கள். 1952-ல் சுவிட்சர்லாந்தில் இதிலிருந்து ரெசர்பினைப் பிரித்தெடுத்தார்கள். 1954-ல் நியூயார்க்கில் நேதன் கிளைன் அதை மனநோயாளிகளுக்குக் கொடுத்தார்.

அப்பாவுக்கு ரெசர்பின் எழுதிக் கொடுத்தது அறுபதுகளில். ரத்தக் கொதிப்பு இறங்கியது. ராத்திரி நன்றாகத் தூங்கினார். ஆனால் திண்ணையில் உட்கார்ந்து தெருவில் போகிறவர்களையெல்லாம் வம்புக்கிழுக்கும் மனிதர், சில மாதங்களில் சுவரைப் பார்த்து உட்கார ஆரம்பித்தார். அம்மா, "வயசாயிடுச்சு, விடு" என்றாள். பிறகு வேறொரு டாக்டர் மாத்திரையை மாற்றினார். கொஞ்ச நாளில் அப்பா "பேப்பர் வந்துதா?" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

மாத்திரைதான் காரணமா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ரெசர்பின் மனச்சோர்வு தரும் என்பதை மறுக்கும் மருத்துவர்களும் உண்டு. ஆனால் நரம்புச் செல்கள் சேமித்து வைத்திருக்கும் செரோட்டோனின், டோபமின் முதலியவற்றை அது காலி செய்துவிடும் என்பது நிச்சயம். 1957-ல் ஸ்வீடனின் அர்விட் கார்ல்சன் ரெசர்பின் கொடுத்த முயல்கள் அசையாமல் கிடந்தன. எல்-டோபா ஊசி போட்டதும் எழுந்தன. பார்க்கின்சன் நோய்க்கான மருந்துக்கு வழி அங்கேதான் திறந்தது. 2000-ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

பேரனுக்குப் பதில் எழுதினேன்: அந்தத் துகளுக்குள் என்ன பொருள் இருக்கிறது? மூளையில் என்ன செய்கிறது? மனிதர்களுக்கு எத்தனை மாதம் கொடுத்துப் பார்த்தார்கள்? விசாரித்துச் சொல் என்று. இன்னும் பதில் வரவில்லை, பரீட்சை நேரம்.