மேலே பறந்தவர்களும் கீழே நின்றவர்களும்

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

குருமண்வெளியில் பாதை ஏறி, மண்டூரில் இறங்கி, வெல்லாவெளிப் பக்கம் படிப்பிக்கப் போவது எங்கள் அன்றாட வழக்கம். (வெளியூர் நண்பர்களுக்கு: ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவையைத்தான் இங்கே பாதை என்போம்.) போன மாதம் ஒரு காலை, பாதை நடு வாவியில் நிற்க, மட்டக்களப்புப் பக்கமாக ஒரு விமானம் தாழப் போனது. இளம் பொடியன்கள் போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். ஐம்பதைத் தாண்டியவர்கள் ஒருவரும் படம் பிடிக்கவில்லை. பேச்சை நிறுத்திவிட்டுச் சத்தத்தைக் கேட்டார்கள். ஒரு அம்மா மட்டும் எங்களைப் பார்த்து, "இது சாமான் ஏத்துற பிளேன் மனே, பயமில்ல" என்றார்.

போர் முடிந்து இத்தனை வருடமாகியும் அவருடைய காது அதை மறக்கவில்லை. அந்த ஒரு சொல்தான் இந்தப் பதிவுக்குக் காரணம்.

சாமான் ஏற்றும் விமானம் எங்கள் நாட்டுக்கு வந்த கதையே போரிலிருந்துதான் தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போரில் பர்மா முனையில் நின்ற படைகளுக்கு அரிசியும் ரவையும் கொண்டுபோய், காயப்பட்டவர்களைத் திருப்பி ஏற்றி வந்தது டகோட்டா என்ற விமானம். போர் முடிந்ததும் உலகமெங்கும் டகோட்டாக்கள் பயணிகள் விமானங்களாக மாறின. எயார் சிலோன் தொடங்கியதும் டகோட்டாவோடுதான். 1947 டிசம்பர் 10 அன்று அதன் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து பலாலி வழியாகச் சென்னைக்குப் பறந்தது. அந்தப் பலாலி ஓடுபாதையும் போர்க்காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படை போட்டதுதான். மட்டக்களப்பு விமான நிலையம் 1958இல் திறக்கப்பட்டது. அந்தக் காலத்து ஆட்களைக் கேட்டால், பிளேன் பார்க்க வெள்ளை உடுப்பு உடுத்திப் போன கதையைச் சொல்வார்கள். அன்று அது வேடிக்கை. 1983இல் அதே இடம் விமானப்படை முகாமானது.

1990 ஜூனில் மறுபடி போர் மூண்டது. யாழ்தேவி நின்றது, தரைவழி அடைபட்டது. வடக்கில் இருந்த படைகளுக்கு வெளியுலகம் என்றால் ஒன்று கப்பல், மற்றது விமானம். அவ்ரோ என்று நாங்கள் சொல்லும் இரண்டு எஞ்சின் விமானம் இரத்மலானைக்கும் பலாலிக்கும் இடையில் பஸ் போல ஓடியது.

அந்த விமானங்களில் போய் வந்த ஒருவர் எங்கள் ஊரில் இருக்கிறார். இருபது வருடத்துக்கு மேல் இராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் போட வேண்டாம் என்றார்; காக்கா என்றே சொல்கிறோம். பாதையில் நடந்ததைச் சொன்னதும் முதலில் சிரித்தார். பிறகு மெதுவாகப் பேசத் தொடங்கினார்.

"அவ்ரோவுல பஸ் மாதிரி சீற். அன்டனோவுல சீற் இல்ல, ரெண்டு பக்கச் சுவரோடயும் பட்டி கட்டியிருக்கும். முகத்துக்கு முகம் பார்த்துக்கிட்டு இருக்கணும். நடுவுல மரக்கறி மூட்டை, தபால் பை, ரவைப் பெட்டி. சத்தத்துக்குக் காதுல பஞ்சு அடைப்போம். நான் யாசீன் ஓதுவேன். பக்கத்துல இருக்கிற சிங்களப் பொடியன் கையில கட்டின பிரித் நூலைப் புடிச்சிக்கிட்டு இருப்பான். ஒருத்தன்ட முகத்தை ஒருத்தன் பார்க்க மாட்டோம்."

பலாலி நெருங்கும்போது விமானம் கடலைத் தொடுவது போலத் தாழ்ந்துவிடுமாம். இறங்கியதும் எஞ்சினை நிறுத்த மாட்டார்கள். ஒரு பக்கம் சாமான் இறங்கும்; மறுபக்கம் லீவில் வீடு போகிறவர்கள், ஸ்ட்ரெச்சரில் காயப்பட்டவர்கள், சில நாளில் பெட்டிகள். "லீவு கிடைச்ச சந்தோசத்துல ஏறுவோம் சேர். காலடியில பெட்டி இருக்கும். அதுக்குப் பிறகு என்ன சந்தோசம்."

இதற்குக் காரணம் 1995 ஏப்ரல். அந்த மாதம் 19ஆம் திகதி பேச்சுவார்த்தைக் காலம் முறிந்தது. 28ஆம் திகதி பலாலியிலிருந்து கிளம்பிய அவ்ரோ ஒன்று சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுநாள், 29ஆம் திகதி, பலாலியில் இறங்க வந்த இன்னொரு அவ்ரோவும் விழுந்தது. இரண்டு நாளில் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தோளில் வைத்து ஏவும் ஏவுகணை எஞ்சினின் வெப்பத்தைத் தேடிப் போகும். விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும்தான் அதற்கு எட்டும் உயரத்தில் இருக்கும். ஆகவே பயணத்தின் முதல் சில நிமிடங்களும் கடைசிச் சில நிமிடங்களும்தான் உயிர் போய் வரும் நேரம். அதற்குப் பிறகு அந்த விமானம் ஏறிய ஒவ்வொருவரும் அந்த நிமிடங்களை எண்ணிக்கொண்டே இருந்தார்கள்.

இது உள்ளே இருந்தவர்களின் கதை. கீழே நின்றவர்களுக்கு வேறு கதை.

சீனாவிலிருந்து வாங்கிய சுமை விமானங்களில் குண்டுகளையும் பொருத்தினார்கள். வடக்கில் அப்படிச் சாமான் ஏற்றும் விமானமே குண்டு கொட்டியது. அதற்குச் சகடை என்று பெயர் வைத்தார்கள் அங்குள்ளவர்கள். ஒரு விமானம் அரிசி கொண்டு வருகிறதா, குண்டு கொண்டு வருகிறதா என்று கீழே நிற்பவருக்கு எப்படித் தெரியும்?

அதே வடக்கில் 1987 ஜூன் 4 அன்று வேறு மாதிரியும் நடந்தது. முதல் நாள் இந்தியா அனுப்பிய உணவுப் படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பிவிட்டது. மறுநாள் மாலை பெங்களூரிலிருந்து ஐந்து அன்டனோவ்-32 விமானங்கள், மிராஜ் போர் விமானங்கள் துணைக்கு வர, யாழ்ப்பாணத்துக்கு மேலே உணவுப் பொதிகளைப் பரசூட்டில் இறக்கின. ஒப்பரேஷன் பூமாலை என்று அதற்குப் பெயர். பத்திரிகையாளர்களும் உள்ளே இருந்தார்கள். கீழே இருந்து சுடுவார்களோ என்ற யோசனை விமானிகளுக்கு. மேலே இருந்து விழுவது என்ன என்ற யோசனை சனங்களுக்கு.

பொதுமக்களும் தப்பவில்லை. 1998 செப்டெம்பர் 29 அன்று யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் 55 பேரோடு கடலில் மறைந்தது. பதினான்கு வருடம் கழித்து, 2012இல் இரணைதீவுக் கடலில் சிதைவுகள் கிடைத்தன. கிடைத்த உடுப்புகளைப் பின்னர் யாழ்ப்பாணத்தில் உறவினர்கள் பார்க்க வைத்தார்கள். பதினைந்து வருடம் கடலில் கிடந்த சட்டையைப் பார்த்து, இது என் பிள்ளையின் சட்டையா என்று ஒரு தாய் தேடுவதை நினைத்துப் பாருங்கள்.

இதையெல்லாம் காக்காவோடு பேசி முடிக்கும்போது அவர் ஒரு கேள்வி கேட்டார்: "அந்த அம்மாட வீட்டுல ஆரும் மௌத்தாப் போனாங்களா?" எங்களிடம் பதில் இல்லை. நாங்கள் கேட்கவேயில்லை. வரலாறு படிப்பிக்கிறோம், ஆனால் பக்கத்தில் நின்றவரிடம் கேட்கவில்லை.

அடுத்த கிழமை மண்டூர்த் துறையில் அந்த அம்மாவைக் கண்டு கேட்டோம். "ஹெலி வந்தா வயலுக்க படுப்பம். கிபிர் சத்தம் காதுல விழுறதுக்கு முந்திப் போயிரும், அதுக்குப் படுத்தும் பிரயோசனம் இல்ல. சாமான் பிளேன் பாட்டுக்குப் போகும்." 2007 மார்ச்சில் படுவான்கரைச் சனம் வாவி கடந்து இடம்பெயர்ந்தபோது பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்த கதையைச் சொன்னார். வீட்டில் யாரையும் இழந்தீர்களா என்றதற்கு, "தம்பி" என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. காக்கா விசாரித்ததைச் சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவரும் ஒரு தாய்க்குப் பிள்ளதானே" என்றார்.

உறவுகளே, ஓய்வு பெற்ற படையினரின் நினைவுகளைச் சேர்த்து வைக்கப் படைகளுக்கு நூதனசாலைகள் இருக்கின்றன. இரத்மலானையில் பழைய விமானங்களையே தொட்டுப் பார்க்கலாம். நல்ல விசயம்தான். ஆனால் காக்கா சொன்ன பஞ்சும் யாசீனும் பிரித் நூலும் எந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளும் இல்லை. மண்டூர் அம்மாவின் காதுக்கு நூதனசாலையே இல்லை. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தால்தான் எங்கள் பிள்ளைகளுக்கு முழுக் கதையும் விளங்கும். ஒன்றை மட்டும் படித்தால் பெருமை மட்டும் மிஞ்சும், அல்லது கோபம் மட்டும் மிஞ்சும்.

அதனால் பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஒரு சின்ன வேலை கொடுத்திருக்கிறோம். பரீட்சைக்கு வராது, புள்ளியும் இல்லை. வீட்டில் உள்ள மூத்தவர் ஒருவரிடம் ஒரே ஒரு கேள்வி: "நீங்கள் விமானச் சத்தத்தைக் கேட்டு முதன்முதல் பயந்தது எப்போது?" சொல்வதை அப்படியே எழுத வேண்டும். சொல்ல விரும்பாதவரை வற்புறுத்தக் கூடாது. இதுவரை பதினொரு கொப்பிகள் வந்திருக்கின்றன. ஒரு கொப்பியில் ஒரே வரிதான்: "அம்மம்மா சொல்ல மாட்டேன் என்றுட்டா." அதற்கும் சரி போட்டுக் கொடுத்தோம்.

2018இல் மட்டக்களப்பு விமான நிலையம் மறுபடி பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 2019இல் பலாலியிலிருந்து சென்னைக்கு மறுபடி விமானம் பறந்தது, 1947இல் டகோட்டா போன அதே வழியில். எங்கள் பிள்ளைகள் வானத்தைப் பார்த்துப் படம் பிடிக்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ், அது அப்படியே இருக்கட்டும். ஆனால் பக்கத்தில் நின்று சத்தத்தை மட்டும் கேட்கும் மூத்தவரிடம், அவர் இருக்கும்போதே ஒரு தரம் கேட்டு எழுதி வையுங்கள்.

பிழை இருந்தால் திருத்துங்கள். உங்கள் வீட்டுக் கதை இருந்தால் கீழே எழுதுங்கள், பெயர் போடாமலும் எழுதலாம்.